நின்றபடி போகும் ரோலர் கோஸ்டரில் பெட்டியை மட்டும் மாற்றினால் கழுத்துவலி போய்விடுமா?

#1 குறுக்குத்துறை மணல்

பொருட்காட்சியில் பேரனோடு கொலம்பஸ் ஏறி இறங்கினேன். வயிறு கொஞ்சம் கலங்கியது, கழுத்துக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே ராட்டினப் பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், கேட்டுவிடலாம் என்று இந்த இழை.

2009இல் வேலை விஷயமாக அமெரிக்கா போயிருந்தபோது ஒரு பார்க்கில் ஸ்டாண்ட்-அப் கோஸ்டர் ஏறினேன். எந்த ஊர், எந்த பார்க் என்பதெல்லாம் வேண்டாம். உட்கார இருக்கை கிடையாது. சைக்கிள் சீட் மாதிரி ஒன்று கால் நடுவே வரும், தோளுக்கு மேலிருந்து கம்பி வந்து பூட்டும், நாம் நின்றபடியே தலைகீழாகச் சுற்றி வரவேண்டும். இறங்கும்போது இரண்டு காதிலும் யாரோ மாறி மாறி அறைந்த மாதிரி இருந்தது. மூன்று நாள் தலையைத் திருப்ப முடியவில்லை. முழு உடம்பையும் திருப்பித்தான் ஆளைப் பார்த்தேன்.

அப்புறம் 2018இல் சான் ஹோசேயில் இருக்கும் என் அக்கா மகன் சாந்தா கிளாராவில் உள்ள கலிஃபோர்னியாஸ் கிரேட் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனான். பேட்ரியாட் என்று ஒரு கோஸ்டர். கால் தொங்கவிட்டு உட்கார்ந்து போனோம். சுகமாக இருந்தது. இறங்கிய பிறகு சொல்கிறான்: "மாமா, இதுவும் முன்னாடி நின்னுட்டுப் போறதுதான். வோர்ட்டெக்ஸ்னு பேரு. தண்டவாளம் அதேதான், வண்டியைத்தான் மாத்திட்டாங்க."

என் கேள்வி இதுதான். தண்டவாளம் அதே வளைவு, அதே வேகம். வண்டியை மாற்றினால் மட்டும் உடம்புக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும்? இல்லை, நான் ஏறிய இரண்டும் வேறு வேறு கோஸ்டர் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

#2 நாங்குநேரி நைட்ரோ

அண்ணாச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இங்கே கணக்கு தொடங்கினேன் என்று நினைக்கிறேன். பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நின்றபடி போகும் யோசனை ஜப்பானில் டோகோ கம்பெனி தொடங்கியது. 1982இல் யோமியூரிலேண்டில் மொமொங்கா என்ற கோஸ்டருக்கு நிற்கும் வண்டி ஒன்று கொடுத்தார்கள். அதாவது முதல் ஸ்டாண்ட்-அப்பே வண்டி மாற்றியதால் பிறந்தது! உட்காரும் வண்டி, நிற்கும் வண்டி இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடின. அமெரிக்காவில் 1984இல் கிங்ஸ் ஐலண்டில் கிங் கோப்ரா வந்தது. அதுதான் அங்கே ஆரம்பம் முதலே நிற்பதற்கென்று கட்டியது.

அப்புறம் சுவிட்சர்லாந்தின் பொல்லிஜர் அண்டு மாபியார் வந்தார்கள். சுருக்கமாக பி அண்டு எம். இவர்கள் செய்த முதல் கோஸ்டரே ஸ்டாண்ட்-அப்தான்: 1990, சிகாகோ பக்கம் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் அயர்ன் உல்ஃப். 1999க்குள் ஏழு கட்டினார்கள். ஏழாவது ஜார்ஜியா ஸ்கார்ச்சர், 1999. அதே 1999இல்தான் அதே கம்பெனி முதல் தரையில்லா கோஸ்டரை, மெடுசாவை, நியூ ஜெர்சியில் திறந்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து போவது. அதன் பிறகு ஸ்டாண்ட்-அப் வாங்க ஆளே இல்லை. தன் மூத்த பிள்ளையின் சோற்றைத் தானே இளையவனுக்குப் போட்ட கதை.

அந்த ஏழில் மூன்றுக்கு வண்டி மாற்றினார்கள். சீடார் பாயிண்டில் 1996 முதல் ஓடிய மேன்டிஸ், 145 அடி உயரம், மணிக்கு 60 மைல். 2014 சீசனோடு அதை நிறுத்திவிட்டு 2015இல் ரூகாரூ என்ற பெயரில் தரையில்லா வண்டி போட்டார்கள். சாந்தா கிளாரா வோர்ட்டெக்ஸ் 1991ல் வந்தது, 2017இல் பேட்ரியாட் ஆனது. அதுதான் அண்ணாச்சி ஏறியது.

மூன்றாவது கதை கேட்டால் பாவமாக இருக்கும். அந்த முதல் அயர்ன் உல்ஃபையே பிரித்து மேரிலாண்டுக்குக் கொண்டுபோய் 2012இல் அபோகலிப்ஸ் என்று நிறுத்தினார்கள். 2019இல் தரையில்லா வண்டி போட்டு ஃபயர்பேர்டு என்று பெயர் வைத்தார்கள். ஒரே இரும்பு, மூன்று பெயர், இரண்டு ஊர், இரண்டு விதமான வண்டி. கடைசியில் 2025 நவம்பரில் அந்தப் பார்க்கையே மூடிவிட்டார்கள்.

நம்ம நாட்டில் தரையில்லா வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போகவேண்டாம். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே கோபோலியில் இமேஜிக்காவில் நைட்ரோ இருக்கிறது. 2013இல் வந்தது, பி அண்டு எம்தான். என் பெயருக்குக் காரணமும் அதுதான்.

#3 ஃபுட்போர்டு பாண்டி

எல்லாம் சரி. ஆனால் "சுகம்" வேண்டும் என்றால் வீட்டில் ஊஞ்சல் போட்டு ஆடலாமே. கோஸ்டர் எதற்கு?

#4 அம்பை வாத்தியார்

குறுக்குத்துறையாரே, நல்ல கேள்வி. பதில் தேரில் இருக்கிறது.

நெல்லையப்பர் தேர் ரதவீதி முனையில் திரும்பும்போது கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஆட்டம் பெரிதாகத் தெரியாது. தேர்த்தட்டில் நிற்கும் அர்ச்சகர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். உச்சிக் கலசமோ வானத்தில் கோடு போடும். ஆட்டம் ஒன்றுதான். ஆடும் அச்சிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

கோஸ்டர் தண்டவாளம் முறுக்கிக்கொண்டு புரளும்போது அதற்கும் ஒரு அச்சு உண்டு. நல்ல வடிவமைப்பாளர்கள் அந்த அச்சைத் தண்டவாளத்தின் மேல் வைப்பதில்லை. பயணியின் நெஞ்சு உயரத்தில் வைப்பார்கள். அப்படி வைத்தால் உடம்பு தன்னைச் சுற்றியே புரளும், பக்கவாட்டில் வீசி எறியப்படாது. தண்டவாளந்தான் நம்மைச் சுற்றி வளைந்து போகும்.

நின்றுகொண்டிருப்பவரின் நெஞ்சு எங்கே? 170 செ.மீ. ஆள் என்றால் பாதத்திலிருந்து தோராயமாக 125 செ.மீ. காது 155க்கு மேலே. ஆக, அச்சு சரியாக நெஞ்சில் விழுந்தாலும் தலை அதற்கு ஒரு அடி மேலே. எல்லாரும் 170 இல்லையே! 155 ஆளுக்கும் 188 ஆளுக்கும் ஒரே தண்டவாளம். உயரமானவரின் தலை அச்சிலிருந்து இன்னும் விலகிப் போகும். புரளும் வேகம் சட்டென மாறும்போது தலைக்கு வரும் பக்கவாட்டு உதறல் அந்தத் தூரத்துக்கு நேர்விகிதம். தூரம் இரண்டு பங்கு என்றால் உதறலும் இரண்டு பங்கு. தலைக்கு இருபுறமும் என்ன இருக்கிறது? தோள் கம்பி. காதில் விழுந்த அறை அதுதான்.

இப்போது அதே தண்டவாளத்தில் தரையில்லா வண்டி. கால் தொங்கவேண்டும் என்பதால் இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் வைத்திருப்பார்கள். அதில் உட்கார்ந்தவரின் தலை, முன்பு நின்றவரின் நெஞ்சு இருந்த உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. யாரும் அச்சை மாற்றவில்லை, தலைதான் அச்சுக்கு இறங்கி வந்திருக்கிறது. உயர வித்தியாசமும் குறைகிறது, ஏனென்றால் நமக்குள் இருக்கும் உயர வித்தியாசத்தில் பெரும்பங்கு காலில். உட்கார்ந்தால் நெட்டையும் குட்டையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவார்கள். பந்தியில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது கால். வளையத்தின் அடியில் 4ஜி, அதாவது நம் எடை நான்கு மடங்காகத் தெரியும் இடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஆளின் உடம்பு அங்கே 240 கிலோ மாதிரி அழுத்தும். உட்கார்ந்தவர் அதைத் தொடையிலும் முதுகிலும் பரப்பி வாங்குவார். நிற்பவருக்கு இரண்டு முட்டியும் ஒரு சைக்கிள் சீட்டும்.

உங்கள் உயரம் என்ன என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

#5 மூலைக்கரைப்பட்டி முத்து

4ஜியா? எங்க ஊரில் 2ஜியே மாடிக்குப் போனால்தான்.

#6 கழுத்துக்கட்டி அக்கா

நான் பிசியோதெரபி. பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்களில் கோஸ்டரில் அடிபட்டு வந்தவர் யாரும் இல்லை. எல்லாம் பைக், பள்ளம், செல்போன். ஆனாலும் இயக்கம் ஒன்றுதான்.

மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. வாத்தியார் கணக்கில் 4ஜி என்றால் 20 கிலோ கழுத்தின் மேல். நேராக அழுத்தினால் முதுகெலும்பு தாங்கும், அதற்குத்தான் அது இருக்கிறது. பக்கவாட்டில் வெட்டுவதுதான் கெடுதல், ஏனென்றால் பக்கத் தசைகள் மெல்லியவை, எதிர்பாராமல் வரும் இழுப்புக்குத் தாமதமாகத்தான் இறுகும். அந்த இடைவெளியில் தலை போய் கம்பியில் மோதும். மோதியதும் எதிர்ப்பக்கம் வெட்டும். குறுக்குத்துறை அண்ணன் சொன்ன "மாறி மாறி" அதுதான்.

நிற்பதில் இன்னொரு தொல்லை, ரத்தம். நின்றிருக்கும்போது இதயத்துக்குக் கீழே உள்ள ரத்தத் தூண் நீளம். எடை நான்கு மடங்கானால் ரத்தமும் நான்கு மடங்கு கனத்தோடு காலுக்கு இறங்கும். கண் முன்னே சாம்பல் நிறம் வருகிறது என்று சிலர் சொல்வது அதனால்தான். கெண்டைக்கால் தசையை இறுக்கிக்கொண்டால் கொஞ்சம் தடுக்கலாம்.

கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள் எந்த வண்டியானாலும் ஏறாதீர்கள். மாற்றிய வண்டியானாலும் அதே தலைகீழ்தான்.

#7 டெப்போ மெக்கானிக்

போக்குவரத்துக் கழகப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோஸ்டர் ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. ஆனால் இது எங்கள் தொழிலில் தினசரி விஷயம். சேஸிஸ் பழசு, பாடி புதுசு. மஞ்சள் வண்ணத்தில் ஓடுகிற பேருந்துகளில் பல அப்படித்தான், பழைய சேஸிஸில் புது உடம்பு கட்டியது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பாடி மாற்றுவது என்பது சட்டையை மாற்றுவது மாதிரி இல்லை. எடை மாறும். எடை நிற்கும் உயரம் மாறும். பிரேக் எங்கே பிடிக்கவேண்டும் என்பது மாறும். கோஸ்டருக்கு என்ஜின் கிடையாது, மேலே இழுத்துவிட்டால் அப்புறம் தன் எடையால் ஓடுவதுதானே? அப்படியானால் புது வண்டி எல்லாச் சுற்றையும் முடித்து ஸ்டேஷனுக்கு வந்து சேருமா, குளிரில் கிரீஸ் இறுகியிருக்கும் காலையிலும் வருமா, வெயிலில் அளவுக்கு மீறிய வேகத்தில் வருமா, எல்லாம் ஆள் இல்லாமல் மணல்மூட்டையோ தண்ணீர்ப் பொம்மையோ வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். கால் தொங்குகிறது என்றால் ஏறுவது எப்படி? தரையே இல்லையே?

#8 நாங்குநேரி நைட்ரோ

அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஸ்டேஷனில் மட்டும் தரை உண்டு. வண்டி வந்து நின்றதும் கீழிருந்து தளம் எழும்பிக் காலுக்கு அடியில் சேரும். எல்லாரும் ஏறிப் பூட்டியதும் தளம் விலகும். முழுசாக விலகியது என்று சென்சார் சொன்னால்தான் வண்டி கிளம்ப முடியும். அதனால் மாற்றம் என்றால் வண்டி மட்டும் இல்லை, ஸ்டேஷனையே வெட்டிக் கட்டவேண்டும். அது போக, தொங்கும் கால் எங்காவது தட்டுமா என்று ஒரு சட்டத்தை வண்டியில் கட்டி மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். நிற்கும் வண்டியில் மேலே நீட்டிய கைதான் கவலை. இதில் கீழே தொங்கும் கால்.

இவ்வளவும் செய்தாலும் புதுக் கோஸ்டர் ஒன்றை அஸ்திவாரத்திலிருந்து கட்டுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் குறைவு. பெயிண்ட் அடித்து, புதுப் பெயர் வைத்து, "இந்த வருஷம் புதுசு" என்று போர்டும் போடலாம். ரூகாரூ என்பது லூசியானா பக்கத்து ஓநாய் மனிதன் கதை. மேன்டிஸ் என்றால் கும்பிடுபூச்சி, கரப்பானுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. பூச்சி ஓநாய் ஆகிவிட்டது!

#9 ஃபுட்போர்டு பாண்டி

சரி, இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் நிற்கும் வண்டிக்குத் திவசம் கொடுக்கிற மாதிரி பேசுகிறீர்கள்.

நான் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று வருஷம் இருந்தேன். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டனில் ரிட்லர்ஸ் ரிவெஞ்ச். 1998இல் வந்தது. 156 அடி, மணிக்கு 65 மைல், ஆறு தடவை தலைகீழ். உலகத்தில் நின்றபடி போவதில் அதைவிட உயரமாக, வேகமாக ஒன்றும் கட்டவில்லை. எத்தனை தடவை ஏறினேன் என்று எண்ணவில்லை. காது சிவந்தது ஒரே ஒரு தடவை, முதல் தடவை.

ஏன் பிடிக்கும் என்றால், நிற்பது வேறு அனுபவம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் படியில் நின்றுபோன ஆளுக்குத்தான் தெரியும். உட்கார்ந்தவன் பஸ்ஸில் போகிறான். நிற்கிறவனைப் பஸ் ஓட்டுகிறது. முட்டி, இடுப்பு, பாதம் எல்லாம் வேலை செய்யும். ஒரு வளையத்தின் உச்சியில் நின்றபடி தலைகீழாக இருப்பது கனவில் நடப்பது மாதிரி. உட்கார்ந்து ஆயிரம் கோஸ்டர் போகலாம். நின்று போவது உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். நியூ ஜெர்சியில் கிரீன் லான்டர்னையும் 2024இல் நிறுத்திவிட்டார்கள்.

முக்கியமான சூட்சுமம் ஒன்று இருக்கிறது, புதுசாக ஏறுகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்டேஷனில் அந்தச் சைக்கிள் சீட்டும் தோள் கம்பியும் மேலும் கீழும் தாராளமாக நகரும், பிறகு ஒரு கட்டத்தில் அப்படியே பூட்டிக்கொள்ளும். பூட்டும் நேரத்தில் முட்டியை லேசாக மடக்கி நில்லுங்கள். ரொம்ப இல்லை, சும்மா ஒரு துளி. அந்த மடிப்புதான் உங்கள் ஸ்பிரிங். விறைத்து நின்று பூட்டிக்கொண்டால் ஒவ்வொரு அதிர்வும் குதிகாலிலிருந்து நேரே மண்டைக்குப் போகும். அழுத்தம் கூடும்போது முட்டி தானாக மடங்கி, உடம்பு சீட்டின் மேல் இறங்கும். ஆம்பிளைகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

#10 மூலைக்கரைப்பட்டி முத்து

வேண்டாம் வே, புரிஞ்சிடுச்சு.

#11 செங்கோட்டை பாசஞ்சர்

ரயில் ஆள்கள் சார்பாக உள்ளே வருகிறேன். நம்ம பக்கம் எக்ஸ்பிரஸ்களில் ஐசிஎஃப் என்ற பழைய வகைப் பெட்டியை எடுத்துவிட்டு எல்ஹெச்பி என்ற புது வகைப் பெட்டி போட்டபோது இதே சண்டைதான் நடந்தது. தண்டவாளம் அதே தண்டவாளம். எல்ஹெச்பியில் சத்தம் குறைவு, ஓட்டம் நிதானம், மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஆனால் ஆரம்பத்தில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் பின்னாலிருந்து யாரோ உதைக்கிற மாதிரி ஒரு குலுக்கல். மேல் பர்த்தில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பழைய ஐசிஎஃப்பில் திருகுக் கொக்கி, இடைவெளியே இல்லாமல் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். புதியதில் நடுவில் ஒரே கொக்கி, அதில் இடைவெளி. ஆக, வண்டியை மாற்றினால் ஒரு வலி போய் இன்னொரு வலி வரும். கோஸ்டரில் அப்படி எதுவும் வரவில்லையா?

#12 நாங்குநேரி நைட்ரோ

வந்தது. வலியாக இல்லை, உப்பில்லாத சொதியாக வந்தது.

நிற்பவனுக்கு, ஆளை மேலே தூக்கும் மேடுகள் பிடிக்காது. கால் தரையை விட்டு எழும்பினால் தோள் கம்பியில் போய் இடிக்கும். அதனால் ஸ்டாண்ட்-அப் தண்டவாளங்களில் அந்த வயிறு தூக்கும் மேடுகளை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். வளையம், சுருள், சாய்ந்த வளைவு, இவ்வளவுதான். நிற்பவனுக்கு அதுவே ஒரு மாதத்துக்குப் போதும். ஆனால் அதே தண்டவாளத்தில் ஒருவனை வசதியாக உட்கார வைத்தால் "இவ்வளவுதானா?" என்று கேட்பான். உட்காருபவனுக்காகவே கட்டிய நைட்ரோவில் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

பாண்டி அண்ணன் கோபத்தில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தண்டவாளத்துக்குச் சுவை கொடுத்ததே நிற்பதுதான். அதை எடுத்துவிட்டால் நல்ல பொரியலிலிருந்து மிளகாயை எடுத்த மாதிரி.

#13 அம்பை வாத்தியார்

ஒரு திருத்தம். நான் அச்சு பற்றிச் சொன்னதை "மாற்றிய வண்டி எல்லா விதத்திலும் மேல்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை அச்சுக்குப் பக்கத்தில் வந்தது என்றால் நெஞ்சும் இடுப்பும் அச்சுக்குக் கீழே போயிருக்கும். அதனால் புரளும்போது உடம்பு ஊஞ்சல் மாதிரி சற்று வீசும். ஆனால் இடுப்பு வீசினால் யாருக்கும் வலிப்பதில்லை, இருக்கை பிடித்துக்கொள்கிறது. தலை வீசினால் வலிக்கிறது. நன்மை அவ்வளவுதான்.

#14 கோட்டூர் ராணி

எல்லாரும் வலியைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதுகாப்பு? சாதாரண வண்டியை நிற்கும் வண்டியாக மாற்றியதில் ஆள் இறந்ததாகப் படித்திருக்கிறேனே, உண்மையா?

#15 நாங்குநேரி நைட்ரோ

உண்மைதான், அக்கா. செயின்ட் லூயிஸ் பக்கத்துச் சிக்ஸ் ஃப்ளாக்ஸில் 1971 முதல் ஓடிய ரிவர் கிங் மைன் ட்ரெயின், ஆரோ கம்பெனி செய்தது. ஸ்டாண்ட்-அப் மோகம் அடித்த நேரத்தில், 1984இல், அதற்கு நிற்கும் வண்டி போட்டு ரெயில் பிளேசர் என்று பெயர் மாற்றினார்கள். அந்த வருஷமே ஒரு பெண் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த வருஷம் பழையபடி உட்காரும் வண்டியே திரும்பி வந்துவிட்டது.

உட்கார்ந்து குலுங்கிப் போகவேண்டிய சுரங்க ரயில் தண்டவாளம் அது. அதில் ஆளை நிற்க வைத்தார்கள். மேன்டிஸில் நடந்ததோ நேர் எதிர்: நிற்பவனுக்குக் கட்டியதில் உட்கார வைத்தார்கள். முதல் திசையில் தவறினால் உயிர் போகும். இரண்டாவது திசையில் அதிகபட்சம் சலிப்பு வரும். எனக்கு இரண்டாவது போதும்.

#16 டெப்போ மெக்கானிக்

தம்பி சொன்னது நெஞ்சில் தைத்தது. பட்டறையில் நாங்களும் இதைத்தான் சொல்வோம். பாரம் ஏற்றும் சேஸிஸில் ஆள் ஏற்றும் பாடி கட்டலாம், முதுகு வலிக்கும் அவ்வளவுதான். ஆள் ஏற்றும் சேஸிஸில் பாரம் ஏற்றாதே.

#17 ஃபுட்போர்டு பாண்டி

சரி, செத்தவருக்கு முன்னால் வாதம் பேசக்கூடாது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நிற்பதையே தூக்கிப் போட்டுவிட்டு உட்கார வைப்பது ஒன்றுதான் வழியா? 2023இல் ஆர்லாண்டோ சீவேர்ல்டில் பைப்லைன் என்று ஒன்று வந்திருக்கிறது. அதே பி அண்டு எம். கடலில் பலகை மேல் நிற்பது மாதிரி நிற்கவேண்டும். பழைய ஸ்டாண்ட்-அப்பில் சீட் ஸ்டேஷனில் பூட்டியது பூட்டியதுதான். இதில் போகும்போதே சீட் நம்மோடு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அதனால் வயிறு தூக்கும் மேடுகளையும் தைரியமாகப் போட்டிருக்கிறார்கள், காலால் குதிக்கலாம். நான் முட்டியை மடக்கச் சொன்னேனே, அந்த வேலையை இயந்திரமே செய்கிறது. காதுக்குப் பக்கத்தில் அந்த இரும்பு நுகத்தடியும் இல்லை. 110 அடி, 60 மைல், ஒரே ஒரு தலைகீழ். 1999க்கு அப்புறம் இருபத்து நாலு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி மறுபடி ஆளை நிற்க வைத்திருக்கிறது. ஏறியவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

#18 கழுத்துக்கட்டி அக்கா

ஏறவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது போலத் தோள் கம்பி இல்லாமல் சீட் அசைந்து கொடுத்தால் கழுத்துக்கு நல்லதுதான். காதை அறைவது வளைவு இல்லை, கம்பி. லாஸ் வேகாஸில் நியூ யார்க் நியூ யார்க் ஓட்டலைச் சுற்றி ஓடும் கோஸ்டர் டோகோ செய்தது, 1997. உட்காரும் கோஸ்டர்தான். அதற்கும் 2002இல் பிரீமியர் கம்பெனியின் வேறு வண்டியை வாங்கிப் போட்டார்கள். என் தம்பி அங்கே இருக்கிறான், அவன் சொல்லித் தெரியும். நின்றாலும் உட்கார்ந்தாலும் வண்டி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது பெரிய விஷயம்.

#19 செங்கோட்டை பாசஞ்சர்

நுகத்தடி! நல்ல வார்த்தை பாண்டி.

#20 குறுக்குத்துறை மணல்

இரண்டு நாள் ஊரில் இல்லை, வந்து பார்த்தால் இழை இப்படி நீண்டிருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் உயரம் கேட்டார். 5 அடி 11 அங்குலம். அதாவது 180 செ.மீ. தலை அச்சிலிருந்து நன்றாகவே விலகியிருக்கும் போல.

ஆனால் பாண்டி எழுதியதைப் படித்தபோதுதான் திக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நான் என்.சி.சி. யாராவது "நில்லுங்கள்" என்றால் இன்றைக்கும் குதிகாலைச் சேர்த்து, முட்டியை விறைத்து, நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்பேன். பேங்க் வரிசையில்கூட அப்படித்தான். அன்றைக்கு ஸ்டேஷனில் அந்தப் பையன் ஏதோ சொன்னான், எனக்கு "ஸ்டாண்ட்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அட்டென்ஷனில் நின்றேன். அப்படியே பூட்டிவிட்டான்.

#21 ஃபுட்போர்டு பாண்டி

அண்ணாச்சி!!! பதினாறு வருஷமாக ஒரு கோஸ்டர் மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

#22 அம்பை வாத்தியார்

பாதிப் பழிதான் நீங்கும். 180 செ.மீ. ஆளுக்கு முட்டியை மடக்கினாலும் தலை மேலேதான் இருந்திருக்கும். மீதிப் பாதி தண்டவாளத்தின் மேல்தான்.

#23 குறுக்குத்துறை மணல்

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பைப்லைன் வேண்டுமாம். 54 அங்குலம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். அட்டென்ஷனில் நிற்கிறான்.